அடுக்குகளாய் அமைந்த மென்பொருள்

2018ஆம் ஆண்டு மே மாத நடுவில், மலேசிய நிதி அமைச்சு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஜூன் 1ஆம் நாள் முதல் பொருள் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து சுழியத்திற்குக் குறையும் என்பதே அது. மக்கள் மகிழ்ந்தனர். கடைகளின் மென்பொருளைப் பராமரிப்போருக்கோ ஏறக்குறைய இரண்டு வாரமே கையில் இருந்தது. ஓர் எண்ணை மாற்ற இரண்டு வாரம் போதாதா என நீங்கள் கேட்கலாம். அந்த எண் எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

கட்டண முகப்பில் காசாளர் ஒரு சோப்பின் பட்டைக்குறியை வருடியில் காட்டுகிறார். விலை திரையில் தோன்றுகிறது, வரி கணக்கிடப்படுகிறது, விற்பனை பதிவாகிறது, பற்றுச்சீட்டு அச்சாகிறது. இவை அனைத்தையும் கலந்து ஒரே நிரலாக எழுதினால் தொடக்கத்தில் வேலை விரைவாக முடியும். ஆனால், திரைக்கான பகுதியில் ஒரு 6, பற்றுச்சீட்டுக்கான பகுதியில் ஒரு 6, மாத அறிக்கையில் இன்னொரு 6 என அந்த எண் சிதறிக் கிடக்கும். ஒன்றை மாற்ற மறந்தால், திரை ஒரு தொகையையும் பற்றுச்சீட்டு வேறொரு தொகையையும் காட்டும். கண்ணில் படும் 6 அனைத்தையும் மாற்றிவிடவும் முடியாது. அவற்றுள் ஒன்று ஆறு மாத உத்தரவாதத்தைக் குறிக்கலாம்!

இச்சிக்கலைத் தவிர்க்கவே மென்பொருளை அடுக்குகளாகப் பிரிக்கின்றனர். மேலே இருப்பது காட்சி அடுக்கு. காசாளர் காணும் திரை அதனுடையது. நடுவில் உள்ள விதி அடுக்கு விலை, கழிவு, வரி ஆகியவற்றைக் கணக்கிடும். கீழே உள்ள தரவு அடுக்கு விவரங்களைச் சேமித்து வைக்கும். ஒவ்வோர் அடுக்கும் தனக்கு அடுத்துக் கீழுள்ள அடுக்கிடம் மட்டுமே உதவி கேட்கும். வரி எவ்வளவு என்பது காட்சி அடுக்குக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. மொத்தத் தொகையை விதி அடுக்கிடம் கேட்டுக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. கணினியின் இயங்குதளத்தை இவ்வாறு அடுக்கடுக்காகக் கட்டலாம் என்பதை நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968இலேயே விளக்கியிருந்தார்.

இதனால் எழுதும் வேலை கூடவே செய்கிறது. பள்ளிச் சந்தையில் ஒருநாள் விற்பனையைக் கூட்டும் சிறு நிரலுக்கு மூன்று அடுக்குகள் வீண் சுமை. பல ஆண்டுகள் பயன்படும் கடை மென்பொருளின் நிலை வேறு.

மே 30இல் வாங்கிய சட்டையை ஜூன் 3இல் திருப்பிக் கொடுக்கும் வாடிக்கையாளரை எண்ணிப் பாருங்கள். அவர் செலுத்திய 6 விழுக்காடு வரியும் அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். எனவே, பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதினால் மட்டும் போதாது. எந்த நாள் முதல் எந்த விகிதம் என்னும் பட்டியலைத் தரவு அடுக்கு வைத்திருக்க வேண்டும். பொருள் விற்கப்பட்ட நாளைப் பார்த்து உரிய விகிதத்தைத் தேர்ந்தெடுப்பது விதி அடுக்கின் பொறுப்பு.

அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் விற்பனை வரியும் சேவை வரியும் நடப்புக்கு வந்தன. இம்முறை மாறியது எண் மட்டுமன்று. வரி விதிக்கும் முறையே மாறியது. விற்பனை வரி உற்பத்தியாளரிடமோ இறக்குமதியாளரிடமோ ஒரே கட்டத்தில் பெறப்படுவதால், சாதாரணச் சில்லறைக் கடை அதனைப் பற்றுச்சீட்டில் தனியே சேர்ப்பதில்லை. அடுக்குகளாய் அமைந்த மென்பொருளில் அப்போதும் பெரும்பாலான திருத்தம் விதி அடுக்கில்தான் நிகழும். காசாளர் பழகிய திரையும் மே மாதத்துப் பதிவுகளும் இருந்தபடியே இருக்கும்.