உடலினுள் ஒரு தூது

முன்னுரை

தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள் தூதும் ஒன்று. அன்னம், மயில், கிளி, முகில், தென்றல், நெஞ்சு முதலியவற்றுள் ஒன்றைத் தலைவனிடம் விடுத்து, மாலை வாங்கி வருமாறு தலைவி வேண்டுவதாகப் புலவர் பாடுவர். விடுப்போரின் ஏக்கமும் தூது செல்லும் பொருளின் பெருமையும் அங்கே விரிவாகப் பேசப்படும். ஆயினும், தூதின் பயன் அதனைக் கேட்போரைப் பொறுத்தது. நம் உடலினுள்ளும் இடையறாது தூது நிகழ்கின்றது. விடுப்பவை சுரப்பிகள், தூது செல்பவை ஹார்மோன்கள் எனப்படும் இயக்குநீர்களும் வளர்ச்சிக் காரணிகளும், கேட்பவை உயிரணுக்கள். இத்தூதிலும் கேட்கும் இடமே முதன்மையானது என்பதை விளக்க இக்கட்டுரை முயல்கின்றது.

தூதுப் பொருள்

1902ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் இருவர் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். சிறுகுடலின் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அகற்றிவிட்டு, அப்பகுதியில் அமிலம் படுமாறு செய்தனர். நரம்புத் தொடர்பு அற்ற பின்னரும் கணையநீர் சுரந்தது. குடற்சுவரிலிருந்து ஏதோ ஒரு பொருள் குருதி வழியே சென்று கணையத்தைத் தூண்டியிருத்தல் வேண்டும் என உணர்ந்தனர். அப்பொருளுக்குச் ‘செக்ரிடின்’ எனப் பெயரிட்டனர். இத்தகைய பொருள்களுக்கு ‘ஹார்மோன்’ என்னும் பொதுப்பெயரை 1905இல் ஸ்டார்லிங் வழங்கினார். கிளர்ச்சியூட்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாக அது பிறந்தது.

இயக்குநீர் குருதியில் கலந்து உடலெங்கும் பரவுகின்றது. அவ்வாறாயின், எல்லா உறுப்புகளும் ஒரே வகையாக இயங்காதது ஏன் என்னும் வினா எழுகின்றது. அச்சம் நேர்கையில் சுரக்கும் அட்ரினலின் இதயத்தை விரைந்து துடிக்கச் செய்கின்றது. கல்லீரலைச் சர்க்கரை விடுக்கச் செய்கின்றது. குடலின் அசைவையோ தளர்த்துகின்றது. தூது ஒன்றே, பொருள் கொள்ளும் முறையே வேறு.

ஏற்பியும் உட்செய்தியும்

உயிரணுவின் மேலுறையில் பதிந்துள்ள சில புரதங்கள் குறிப்பிட்ட தூதுப் பொருளை மட்டும் இனங்கண்டு பற்றிக்கொள்ளும். இவற்றை ஏற்பிகள் என்பர். ஏற்பி இல்லாத உயிரணுவுக்கு அத்தூது வந்ததே தெரியாது. கார்ட்டிசால் போன்று கொழுப்பில் கரையும் இயக்குநீர்கள் உறையைக் கடந்து உட்சென்று அங்குள்ள ஏற்பிகளோடு இணைகின்றன. அட்ரினலின், இன்சுலின் போன்றவை வாயிலிலேயே நின்றுவிடுகின்றன. வாயிலில் நிற்கும் தூதுவனின் செய்தி அரண்மனைக்குள் எவ்வாறு சென்று சேர்கின்றது?

இதற்கு விடை கண்டவர் அமெரிக்க அறிஞர் எர்ல் சதர்லாந்து ஆவார். அவர் கல்லீரல் உயிரணுக்களைச் சிதைத்து, உறைப்பகுதியைத் தனியே பிரித்து, அதனோடு அட்ரினலினைச் சேர்த்தார். அப்போது சிறியதொரு புதுப்பொருள் தோன்றியது. அதனை உயிரணுவின் எஞ்சிய பகுதியோடு கலந்தபோது, அட்ரினலின் நேரே வந்தாற்போன்ற விளைவு நிகழ்ந்தது. ‘சைக்ளிக் ஏ.எம்.பி.’ எனப்படும் அப்பொருளை ‘இரண்டாம் தூதுவர்’ என்பர். இக்கண்டுபிடிப்புக்காக 1971இல் அவர் நோபல் பரிசு பெற்றார். இத்தூதில் செய்தி கைமாறுவதோடு பெருகவும் செய்கின்றது. ஓர் ஏற்பி விழித்தெழுந்தால் இரண்டாம் தூதுவர் பலர் தோன்றுவர். அவர்களால் நொதிகள் பல இயங்கத் தொடங்கும்.

இன்சுலினின் ஏற்பி வேறு வகையினது. அதுவே ஒரு நொதியாகவும் விளங்குகின்றது. வெளிப்புறத்தில் இன்சுலின் பொருந்தியதும், அதன் உட்பகுதி விழித்து, அருகிலுள்ள புரதங்களில் பாஸ்பேட்டு முத்திரையைப் பதிக்கின்றது. முத்திரை பெற்ற புரதங்கள் அடுத்தடுத்துச் செய்தியைக் கடத்த, சர்க்கரையை உள்ளே அழைத்துவரும் கடத்திகள் தசையணுவின் மேற்பரப்பை அடைகின்றன.

வளர்ச்சிக் காரணிகளுட் பலவும் இம்முறையிலேயே செயற்படுகின்றன. எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்திய ஸ்டான்லி கோஹன், அவை உரிய நாளுக்கு முன்னரே கண் திறந்தமையைக் கண்டார். அதற்குக் காரணமான மேற்றோல் வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்த அவரும், நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி மொந்தால்சினி அம்மையாரும் 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கேளாத் தூது

ஏற்பியின் முதன்மையை விளக்க ஒரு வரலாறு போதும். 1966ஆம் ஆண்டு, இஸ்ரேல் நாட்டு மருத்துவர் ஸ்வி லாரோனும் அவர்தம் குழுவினரும் உயரம் மிகக் குறைந்த குழந்தைகள் சிலரைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். பிட்யூட்டரிச் சுரப்பியின் வளர்ச்சி இயக்குநீர் இல்லாதவர் போன்றே அக்குழந்தைகள் தோன்றினர். ஆனால் அவர்தம் குருதியில் அவ்வியக்குநீர் மிகுதியாகவே இருந்தது. தூது ஓயாது சென்றுகொண்டிருந்தும் வளர்ச்சி இல்லை.

1984இல் அத்தகையோர் இருவரின் கல்லீரல் திசு ஆராயப்பட்டது. வளர்ச்சி இயக்குநீர் அதில் ஒட்டவே இல்லை. 1989இல் ஏற்பிக்குரிய மரபணுவிலேயே பழுது இருப்பது தெளிவாயிற்று. கல்லீரல் இத்தூதைக் கேட்டால்தான் இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி ஒன்றைப் போதிய அளவில் சுரக்கும். அதுவே எலும்பின் வளர்ச்சிக்குப் பெரிதும் துணைநிற்பது. ஆகவே, அக்குழந்தைகளுக்கு முதல் தூதை மேலும் மேலும் செலுத்துவதால் பயனில்லை. அடுத்த தூதாகிய அவ்வளர்ச்சிக் காரணியையே ஊசிவழி தருதல் வேண்டும். நோயின் இடத்தை அறிந்ததனால் மருந்தின் வழி தெரிந்தது.

எக்குவடோர் நாட்டில் இக்குறையுடையோர் ஏறத்தாழ நூறு பேரை 22 ஆண்டுகள் கவனித்து வந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அவர்களுள் எவருக்கும் நீரிழிவு காணப்படவில்லை; புற்றுநோய் ஒருவருக்கே நேர்ந்தது, அதுவும் உயிரைப் பறிக்கவில்லை. வளர்ச்சித் தூது ஒலிக்க வேண்டிய பொழுதில் ஒலித்து, அடங்க வேண்டிய பொழுதில் அடங்குதல் எத்துணை இன்றியமையாதது என்பதை இது சிந்திக்கத் தூண்டுகின்றது.

ஓயாத கட்டளை

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. மார்பகப் புற்றுநோய்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ‘ஹெர்-2’ என்னும் வளர்ச்சி ஏற்பி உயிரணுவின் மேல் அளவிறந்து பெருகியிருக்கும். அவை ஒன்றோடொன்று இணைந்து, ‘பெருகுக, பெருகுக’ என ஓயாது ஆணையிடுகின்றன. அந்த ஏற்பியையே பற்றி அடக்கும் ‘டிராஸ்டுசுமாப்’ என்னும் மருந்து 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. புற்றுநோய் என்றாலே நம்பிக்கை இழப்போர் இதனை அறிதல் நன்று.

நமக்குரிய பாடம்

நம் இல்லங்களில் பெரியோர் பலரை வாட்டும் இரண்டாம் வகை நீரிழிவும் தூது கேளாமையின் விளைவே. இந்நோயின் தொடக்கத்தில் இன்சுலின் குறைவதில்லை. பலருக்கு மிகுந்தே சுரக்கின்றது. தசை, கல்லீரல், கொழுப்பு ஆகியவற்றின் உயிரணுக்கள் அதன் சொல்லுக்குச் செவிசாய்ப்பதில்லை. ஏற்பியைத் தொடர்ந்து செய்தியைக் கடத்தும் உட்தொடரே பெரும்பாலும் தளர்ந்துவிடுகின்றது. கணையம் மேலும் மேலும் தூது விடுத்து, ஆண்டுகள் செல்லச் செல்லத் தானும் சோர்ந்துவிடுகின்றது.

ஈண்டு ஆறுதலான செய்தி ஒன்றுண்டு. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் ஆணையை எதிர்நோக்காமலேயே சர்க்கரைக் கடத்திகள் மேற்பரப்பை அடைகின்றன. தூதுவன் தட்டியும் திறவாத கதவைக் கால்களின் உழைப்பு வேறொரு வழியால் திறந்துவிடுகின்றது. ‘நாள்தோறும் நடங்கள்’ என மருத்துவர் கூறுவதன் உட்பொருள் இதுவே. நடை மருந்துக்கு மாற்றன்று. ஆயினும் மருந்துக்கு உற்ற துணை.

முடிவுரை

சுரப்பியிலும் குருதியிலும் குறை காணாத இடத்து நோயின் வேர் ஏற்பியிலோ, அதனைத் தொடரும் உட்செய்தியிலோ மறைந்திருக்கலாம் என்பதை இந்நூற்றாண்டுகால ஆராய்ச்சி உணர்த்தியது. லாரோன் கண்ட குழந்தைகளுக்குத் தூது குறையவில்லை; கேட்கும் வாயிலே அடைபட்டிருந்தது. இதனை மாணவர்கள் கற்றுத் தம் இல்லத்துப் பெரியோர்க்கு எளிய தமிழில் எடுத்துரைப்பாராயின், அதுவும் நற்பயன் தரும் தூதாகும்.