போதகரை உருவாக்குவது யார்?



"தம்பிக்கு ஊழிய அழைப்பு இருக்கு, பைபிள் காலேஜுக்கு அனுப்பிட்டோம், இனி அவங்க பார்த்துக்குவாங்க" என்று நம்மில் பலர் சொல்லுகிறோம். வேதம் என்ன சொல்லுகிறது?

1. சபை சாட்சி கொடுக்க வேண்டும். பவுல் தீமோத்தேயுவைச் சேர்த்துக்கொள்ளுமுன்னே லீஸ்திரா, இக்கோனியா சபையார் அவனை அறிந்திருந்தார்கள் (அப்.16:2).

2. சபை கற்றுக்கொடுக்க வேண்டும். வாக்குவல்லவனான அப்பொல்லோவைத் திருத்தியது கூடாரம் பண்ணுகிற ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் (அப்.18:26). இருவரும் சாதாரண விசுவாசிகள்!

3. சபை அனுப்ப வேண்டும். அந்தியோகியா சபை மீந்தவர்களை அல்ல, பர்னபாவையும் சவுலையும் உபவாசித்து அனுப்பிற்று (அப்.13:1-3).

நம் கரையோரச் சரித்திரத்தையும் பாருங்கள். லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1716-ல் தரங்கம்பாடியில் ஊழியரைப் பயிற்றுவிக்க 8 மாணவரோடு ஒரு பள்ளி தொடங்கினார். பக்கத்துக் கடலூரைச் சேர்ந்த ஆறுமுகம் 1718-ல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். உடனே போதகராகிவிடவில்லை, உபதேசியாராகச் சபை நடுவே உழைத்தார். 1733 டிசம்பர் 28-ல்தான் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் முதல் புராட்டஸ்டண்டு போதகர் அவரே.

அதே காலத்தில் தஞ்சாவூர்ப் படையில் சேவகராயிருந்த ராஜநாயக்கன், வசனத்தை வாசித்து மனந்திரும்பி, சிறந்த உபதேசியாரானார். ஆனால் அவர் தாழ்த்தப்பட்ட ஜாதியில் பிறந்தவர். அவர் கையால் இராப்போஜனம் வாங்க மற்றவர்கள் தயங்குவார்கள் என்று அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை. 1771-ல் மரிக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். ஆண்டவர் அழைத்தவரைச் சபை தடுத்துவிடக் கூடும், ஜாக்கிரதை!

நானும் டிப்ளமா படித்தவன்தான். படிப்பை அசட்டை பண்ணவில்லை. வேதத்தை ஒழுங்காகப் படிக்கக் காலேஜ் உதவும். ஆனால் சாவு வீட்டில் என்ன பேசுவது, காணிக்கைக் கணக்கை எப்படிச் சுத்தமாய் வைப்பது, கோபக்காரரிடம் எப்படிப் பொறுமையாயிருப்பது, இதெல்லாம் சபையில்தான் படியும். நம் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில், கடலுக்கே போகாதவன் கையில் போட்டைக் கொடுப்பார்களா?

ஆகவே பிரியமானவர்களே, அழைப்புள்ள வாலிபரை வியாதியஸ்தரைச் சந்திக்கக் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டு ஜெபத்தில் பேச இடம் கொடுங்கள். தப்பினால் தனியே அன்பாய்ச் சொல்லுங்கள். படிக்கப் போனால் ஜெபத்தோடு பீஸுக்கும் தாங்குங்கள். பிறப்பைப் பார்க்காதிருங்கள்.

இன்று நாம் வளர்க்கிற பிள்ளைதான் நாளை நம் பிள்ளைகளை மேய்க்கப்போகிறான். கர்த்தர் நம் சபையை எடுத்துப் பயன்படுத்துவாராக. ஆமென்.