காட்டைத் திருத்திக் கட்டை வீடு கட்டுவது எப்படி?



"ஆபிரகாம் லிங்கன் மரக்கட்டை வீட்டில் பிறந்தவர்" என்று வரலாற்று வகுப்பில் படித்தோம். கூரை வீடு, ஓட்டு வீடு, மாடி வீடு எல்லாம் நாம் பார்த்திருக்கிறோம். முழு முழு மரமாக அடுக்கிச் சுவர் வைத்த வீட்டை நான் பார்த்ததே இல்லை. "காட்டுக்குள்ள எப்படி டீச்சர் வீடு கட்டுவாங்க?" என்று கேட்டேன். "நீயே படிச்சு சுவரிதழ்ல எழுது" என்று சொல்லிவிட்டார். படித்ததை எழுதுகிறேன்.

லிங்கன் 1809இல் அமெரிக்காவில் கென்டக்கியில் பிறந்தார். 1816ஆம் ஆண்டின் கடைசியில் அவர் குடும்பம் ஒகையோ ஆற்றைக் கடந்து இண்டியானாவில் குடியேறியது. அப்பா தாமஸ் லிங்கன் தச்சு வேலை தெரிந்த விவசாயி. பழங்குடி மக்களிடம் ஒப்பந்தம் போட்டு அரசு வாங்கிய நிலம் அது. எங்கு பார்த்தாலும் அடர்ந்த காடு. லிங்கனுக்கு அப்போது 7 வயது. போனதுமே கையில் கோடரியைக் கொடுத்துவிட்டார்களாம். இதை அவரே எழுதியிருக்கிறார். நாம் 2ஆம் வகுப்பில் இருந்த வயது!

இப்படிக் குடியேறியவர்கள் நிலத்தைத் தயார் செய்த விதம்:

1. இடம் பார்த்தல்: பக்கத்தில் ஊற்றோ ஓடையோ இருக்க வேண்டும். ஆனால் வீடு மேட்டில்தான் இருக்க வேண்டும். மழைத்தண்ணீர் வீட்டைச் சுற்றித் தேங்கினால் கட்டை உளுத்துப் போகும்.

2. மரம் தேர்வு செய்தல்: பெரிய மரம்தான் நல்லது என்று நான் நினைத்தேன். அது தப்பு. நாலைந்து பேர் சேர்ந்து தூக்கி அடுக்க வேண்டுமே! சுமார் ஓர் அடி கனத்தில், அடியும் நுனியும் ஏறக்குறைய ஒரே பருமனாக, நேராக உள்ள மரமே ஏற்றது. குளிர்காலத்தில் வெட்டினால் கட்டை மெதுவாகக் காயும். வெடிப்பு குறையும், பூச்சியும் பூஞ்சையும் அதிகம் வராது.

3. வெளிச்சம் விடுதல்: வீட்டின் மேல் விழக்கூடிய தூரத்தில் உள்ள மரங்களை முதலில் வெட்டுவார்கள். இதனால் வெயிலும் காற்றும் சுவரில் பட்டு ஈரம் காயும்.

4. பட்டை சீவுதல்: வயலுக்கான இடத்தில் எல்லா மரத்தையும் வெட்டி முடியாது. அதனால் அடிமரத்தில் பட்டையை வளையமாகச் சீவிவிடுவார்கள். இலையில் உண்டான உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அந்த வழி அறுந்ததும் மரம் நின்றபடியே காய்ந்துவிடும். இலை உதிர்ந்து வெயில் தரைக்கு வரும். நடுவில் மக்காச்சோளம் விதைப்பார்கள்.

5. அடிக்கட்டை எடுத்தல்: வயலில் உள்ள அடிக்கட்டைகள் தானாக மக்கட்டும் என்று சில ஆண்டுகள் விட்டுவிடலாம். வீடு வரும் இடத்தில் விடக்கூடாது. அது மக்கினால் தரை இறங்கும், கரையானும் வரும்.

6. கல் வைத்தல்: நாலு மூலையிலும் கல் வைத்து, அதன் மேல்தான் முதல் கட்டையை ஏற்றுவார்கள். கட்டை மண்ணைத் தொடவே கூடாது. மூலையில் வெட்டு வைத்து ஒன்றோடொன்று மாட்டுவதால் சுவருக்கு ஆணியே தேவையில்லை. இடுக்கில் மரச்சில்லும் களிமண்ணும் அடைத்துவிடுவார்கள்.

இவ்வளவும் தெரிந்த ஆட்களுக்கு ஒன்று மட்டும் தெரியாமல் போய்விட்டது. அந்தக் காட்டின் நிழலில் வெள்ளைப் பூ பூக்கும் ஒரு செடி வளர்ந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ஒயிட் ஸ்நேக்ரூட். காட்டில் மேய விட்ட மாடுகள், புல் குறைந்த காலத்தில் அதையும் தின்றன. விஷம் பாலில் இறங்கியது. 1818 அக்டோபரில் லிங்கனின் அம்மா நான்சி இந்தப் 'பால் நோயால்' இறந்துபோனார். அப்போது லிங்கனுக்கு 9 வயது. அந்தச் செடியில் உள்ள விஷத்தை விஞ்ஞானிகள் பிரித்தெடுக்க 100 ஆண்டுக்கு மேல் ஆனது.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் 'சின்னக்குட்டி' ஞாபகம் வந்து அழுகை வந்துவிட்டது. போன வருடம் வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஓர் அறை கட்ட இடத்தைச் சுத்தம் செய்தோம். வெட்டிய அரளிக் கிளைகளை வேலி ஓரத்தில் போட்டது நான்தான். மறுநாள் ஆட்டுக்குட்டி அதைத் தின்று செத்துப்போனது. "பச்சையா இருந்தா ஆடு தொடாதுன்னு நெனச்சோம். வாடினா தின்னுரும் புள்ள. வாடினாலும் வெசம் போகாது" என்று தாத்தா சொன்னார். முன்னாடியே கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டில் மனை சுத்தம் செய்தால், அரிவாளை எடுக்கும் முன் பெரியவர்களோடு ஒருமுறை நிலத்தைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே ஓடும், எந்த மரம் நிற்கட்டும், எந்தச் செடி விஷம் என்று கேளுங்கள். விஷச் செடியை வெட்டினால் ஆடு மாடு எட்டாத இடத்தில் குழி தோண்டிப் புதையுங்கள்.

உங்கள் தெருவில் ஆடு மாடு தின்னக்கூடாத செடி எது? தெரிந்தவர்கள் கீழே உள்ள வெள்ளைத்தாளில் எழுதுங்கள். அடுத்த இதழில் பட்டியலாகப் போடலாம்.



- 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி