பலூனில் கேட்ட பம்பை

கம்பைநல்லூரில் எங்களுக்கு மாரியம்மன் பண்டிகை என்றால் பம்பைதான். என் தம்பி மகளுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே காது கேட்காது. பம்பைக்காரர் அடிக்கும்போது அவர் குச்சியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்த்துத்தான், ஒலியை அதிர்வாக மாற்றும் கைப்பட்டை ஒன்றை ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தேன்.

அவசரப்பட்டுவிட்டேன். ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, பஸ் ஹாரன் என்று எல்லாவற்றையும் அதன் மைக் பிடித்தது. பட்டை ஓயாமல் நடுங்க, பத்து நிமிடத்தில் கழற்றி என் கையில் திணித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பண்டிகைக் கடையில் அவளுக்கு ஒரு பலூன் வாங்கினேன். பம்பைக்கு எதிரே நின்றவள், பலூனை நெஞ்சோடு அணைத்தாள். பிறகு கன்னத்தில், அப்புறம் தாடையில் வைத்தாள். எங்கே நன்றாகத் தெரிகிறது என்று அவளே தேடினாள். "அத்தை, இங்கே" என்று சைகை காட்டி, என் முன்கையில் விரலால் தட்டினாள். ஓர் அடிகூடத் தப்பவில்லை.

அதனால் கருவிக்குப் பணம் கட்டுமுன் பலூனைக் கொடுத்துப் பாருங்கள். நொடிக்குச் சுமார் 250 அதிர்வுகள் என்ற அளவில்தான் நம் தோல் கூர்மையாக உணரும். 1000-ஐத் தாண்டினால் அநேகமாக ஒன்றும் தெரியாது. பம்பை, தவில், பறை எல்லாம் உடம்புக்குள் இறங்குவது அதனால்தான். புல்லாங்குழலின் உச்சத்தைத் தோலில் தேடி, "தெரியுதா, தெரியுதா" என்று பிள்ளையை வதைக்க வேண்டாம். அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் 2018-இல் காது கேளாதவர்கள் அதிர்வு உடுப்பு அணிந்து ராக் கச்சேரி ரசித்தார்கள். அந்த உடுப்பு ஒவ்வொரு வாத்தியத்தையும் உடம்பின் வெவ்வேறு இடத்துக்கு அனுப்பும். ஒரே மணிக்கட்டில் எல்லாவற்றையும் கொட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஸ்காட்லாந்தின் தாளக் கலைஞர் ஈவ்லின் கிளெனிக்குப் பன்னிரண்டு வயதுக்குள் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது. தரையின் அதிர்வைக் காலால் உணர, அவர் வெறுங்காலோடு நின்று வாசிப்பவர். ஆனால் சிமெண்டுத் தரையில் அதிர்வு அவ்வளவாக ஏறாது. அதனால் வீட்டில் ஸ்பீக்கரையும் பிள்ளையையும் ஒரே மரப்பலகைமேல் வையுங்கள்.

அடுத்து வாங்கியது இடுப்புப் பட்டை. புளூடூத்தில் இணைத்தபோது குச்சி விழுந்த பிறகே பட்டை அதிர்ந்தது. கண் ஒன்று சொல்ல, உடம்பு வேறொன்று சொல்ல, முகத்தைச் சுளித்தாள். வயர் போட்டோம், இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதிர்வைக் கூட்டுவதும் குறைப்பதும் அவள் கையில்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லை என்றால் "போகப் போகச் சரியாகும்" என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செவிக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் சிகிச்சை 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான். நாங்கள் அந்த வயதைத் தவறவிட்டோம். பட்டை அதற்கு ஈடாகாது.

இந்த வருஷம் பம்பைக்கார அண்ணனிடம் அவளே போனாள். கிளிப் மைக்கைப் பம்பைக் கயிற்றில் மாட்டினாள். வயரின் மறுமுனையைத் தன் பட்டையில் செருகிக்கொண்டு, "அடிங்க" என்று கையைக் காட்டினாள்.