முடிவு தெரியாத வேலை

திருமயம்

அன்புள்ள செல்விக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் படித்தேன். அதிலேயே பதில் போட்டால் நாலு வரியில் நின்றுவிடும் என்று தாளை எடுத்தேன்.

கம்பெனியில் ஆள் குறைத்தபோது உன் வேலை போனதைவிட, ‘பாசிட்டிவா இரு’ என்று ஆளாளுக்குச் சொல்வதுதான் உனக்கு அதிகம் எரிகிறது போலிருக்கிறது. எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்காது. மாதத் தவணை கட்ட வேண்டியவளிடம் சிரித்த முகமாக இரு என்றால் எப்படி? கவலை அது பாட்டுக்கு இருக்கட்டும். அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை அதற்காக நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பொதுப்பணித்துறையில் ஓவர்சீயராக இருந்தவனுக்கு அணை, கண்மாய் தவிர வேறென்ன தோன்றும்! உனக்குச் சொல்ல எனக்கு நினைவு வந்தது பூண்டி ஏரி. அதைக் கட்ட முனைந்தவர் 1887ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் தேதி நம் ஊரில் பிறந்த சத்தியமூர்த்தி. சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்து, சென்னைக்குப் போய் வக்கீலானார். பேச்சில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். ஆனால் 1937இல் காங்கிரஸ் ஜெயித்து ராஜாஜி மந்திரிசபை அமைத்தபோது அவருக்கு இடமில்லை. ராஜாஜி நிற்பதற்காகப் பல்கலைக்கழகத் தொகுதியை விட்டுக்கொடுத்ததே இவர்தான். அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

1939 நவம்பரில் சென்னை மேயரானார். எப்பேர்ப்பட்ட நேரம் பார்த்தாயா? உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம். அவருடைய கட்சி மந்திரிசபை அப்போதுதான் ராஜினாமா செய்திருந்தது. கவர்னர் கையில் ஆட்சி. மேயர் பதவியோ ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தில், செங்குன்றம் ஏரியை நம்பித் தவித்த பட்டணத்துக்காகக் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டும் திட்டத்தை எடுத்தார். தான் எதிர்த்து நின்ற வெள்ளைக்கார அரசாங்கத்திடமே பேசி அனுமதி வாங்கி, 1940இல் அடிக்கல்லும் போட வைத்தார். போர் முடியட்டும், நம் ஆட்சி திரும்ப வரட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதே 1940இல் காமராஜர் மாகாணக் காங்கிரஸ் தலைவரானார். தான் தலைவராக இருந்தபோது செயலாளராக இருந்த சீடனுக்குக் கீழே சத்தியமூர்த்தி செயலாளராக உட்கார்ந்தார். எனக்கு அணையைவிட இதுதான் பெரிசாகப் படுகிறது. முன்பிருந்ததைவிடச் சின்னப் பதவிக்கு மனுப் போடக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் பிடித்து, அமராவதி சிறைக்குக் கொண்டுபோனார்கள். போகும் வழியில் முதுகெலும்பில் அடி. 1943 மார்ச் 28இல் சென்னை பொது மருத்துவமனையில் இறந்தார். பூண்டி ஏரி திறக்கப்பட்டது 1944இல். இன்றைக்கு அதற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். நீ சென்னையில் குடிக்கிற தண்ணீரிலும் அதன் பங்கு இருக்கும். அவர் சாகும்போது அணை வேலை முடிந்திருக்கவில்லை. போர் எப்படி முடியும், சுதந்திரம் வருமா என்று யாருக்கும் தெரியாது.

அவரும் கலங்கித்தான் இருப்பார். சிறையிலிருந்து மகள் லட்சுமிக்கு அவர் எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்திருக்கின்றன. கிடைத்தால் வாங்கிப் படி. முடிவு தெரியாமல் வேலை செய்தது அவர் மட்டுமா? நம் பக்கத்துச் சம்சாரியையே பாரேன். ஐப்பசியில் மழை பெய்யுமா என்று தெரியாமல்தான் கோடையில் மடையைச் சரி செய்து, கரையில் மண் போடுகிறான்.

சரி, உன் காரியத்துக்கு வருகிறேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போனில் வேலை தேடாதே. காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கித் தேடு, பிறகு மூடி வை. ஒரு நோட்டு வாங்கிச் செலவை எழுது. கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் கணக்காகிவிடும். வருங்கால வைப்பு நிதியில் இப்போதைக்குக் கை வைக்காதே. வாடகை இடித்தால் என்னிடம் கேள்; என் பென்ஷனில் எனக்கு அப்படியென்ன பெரிய செலவு? முடிந்தால் ஒரு வாரம் இங்கே வா. பல்லவன் ரயிலில் ஏறிப் புதுக்கோட்டையில் இறங்கினால் நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். பெரியம்மா கோட்டை பைரவருக்கு ஏதோ நேர்ந்துகொண்டிருக்கிறாள். அதை நீயே வந்து செய்.

இன்னொன்று. வேலை போனதை உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்கிறாய். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு. அழுவாள், ஒரு நாள் சாப்பிட மாட்டாள், மறுநாள் உனக்குப் பருப்புப் பொடி இடிக்க உட்கார்ந்துவிடுவாள். திங்கட்கிழமை நான் அவளுக்குப் போன் பண்ணுவேன். தெரியாத மாதிரி நடிக்க எனக்கு வராது.

அன்புடன்,
பெரியப்பா