ஷட்டரை இறக்கினால் போதாது

அன்புத் தம்பிக்கு,

ஆலை மூடிவிட்டது, ஆட்கள் பீன்யா, தாசரஹள்ளி, ஓசூர் என்று சிதறிவிட்டார்கள், இனி நம் கடன் சங்கத்தை நடத்த முடியாது என்று எழுதியிருக்கிறாய். கலைப்பது என்ற உன் முடிவு சரிதான். ஆனால் கையிருப்பைப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கிவிடலாம் என்று குழுவில் பேசுகிறார்களாமே, அந்தத் தீர்மானத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

பதிவு ரத்தாகும்வரை சங்கம் சட்டத்தின் கண்ணில் உயிரோடுதான் இருக்கும். தணிக்கை, வருமான வரிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக வரும். செயலாளர் என்ற முறையில் உன்னைத்தான் கேட்பார்கள்.

கர்நாடகக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1959-இன் 72-ஆம் பிரிவைப் படித்துப் பார். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாதவர்கள் விண்ணப்பித்தால், பதிவாளர் கலைப்பு உத்தரவு போடலாம். பேரவைக்கு வந்தவர்களில் முக்கால்வாசி பேர் என்று நினைத்துவிடாதே. மொத்த உறுப்பினர்களில் முக்கால்வாசி வேண்டும். வீடு வீடாகப் போய்த்தான் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். போகும்போது பேரேட்டையும் எடுத்துக்கொண்டு போ. ஒவ்வொரு பாஸ்புக்கையும் அங்கேயே வரி வரியாக ஒத்துப் பார்த்து, மீதித் தொகைக்கு எதிரே உறுப்பினரின் கையெழுத்தை வாங்கிவிடு. இறந்துபோனவர் என்றால், நியமனப் படிவத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்.

உத்தரவு வந்ததும் லிக்விடேட்டர் பொறுப்பேற்பார். அதன்பிறகு நீங்கள் ஒரு ரசீதுகூடப் போடக் கூடாது. வரவேண்டிய கடன்களை அவர் வசூலிப்பார். வெளிக்கடனும் மக்கள் போட்ட சேமிப்பும் தீர்ந்த பிறகுதான் பங்குத் தொகையைப் பற்றிப் பேச முடியும். அதற்கும் மேல் மிஞ்சுவதை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது. பலருக்கு இது கசக்கும், முன்கூட்டியே சொல்லிவிடு.

பசவனகுடி ஸ்ரீ குரு ராகவேந்திரா கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் கட்டுப்பாடு விதித்தது உனக்கு நினைவிருக்கும். ஒருவர் 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் போனது. ஓய்வூதியக்காரர்கள் பட்ட பாட்டை இந்த ஊரே பார்த்தது. ஆனாலும் அது வங்கி. பின்னர் 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு கிடைத்தது. நம்முடையது வெறும் கடன் சங்கம். அந்தக் காப்பீடு நமக்குக் கிடையாது. சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போட்டவளுக்கு நம் கணக்குப் புத்தகம் ஒன்றுதான் காப்பு.

ஆகவே முதலில் நிர்வாகக் குழுவினர் வாங்கிய கடன் வந்து சேரட்டும். உன் பெயரில் இருப்பதையும் கட்டிவிடு. அதைச் செய்யாமல் இன்னொருவர் வாசலில் போய் நின்று கேட்க உனக்கு முகம் இருக்காது.

நிலுவைத் தணிக்கையை முடித்துக்கொண்டு, பேரவைக் கூட்ட அறிவிப்பை இந்த மாதமே அனுப்பு. அலி அஸ்கர் சாலையில் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டி வந்தால் சொல், நானும் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்