மென்பொருள் களஞ்சியம்

லினக்ஸ் மடிக்கணினியில் மென்பொருளை நிறுவக் கற்போர் முதலில் அறிய வேண்டுவது களஞ்சியம் ஆகும். சரிபார்க்கப்பட்ட மென்பொருள்கள் இணையத்தில் அங்குத் தொகுத்து வைக்கப்பட்டுள்ளன.

உபுண்டுவில் களஞ்சியத்தை அணுகச் 'சினாப்டிக்' என்னும் கருவி உதவுகிறது. அதனைத் திறக்கும்போது கணினி கடவுச்சொல்லைக் கேட்கும்; நிறுவுதல் கணினி முழுவதையும் மாற்றவல்ல செயல் அன்றோ! பின்னர்ப் பட்டியலைப் புதுப்பித்து, வேண்டிய மென்பொருளைத் தேடிக் குறியிட்டு, நிறுவுமாறு பணித்தல் வேண்டும். அது இயங்கத் தேவையான துணை மென்பொருள்களைக் கருவியே சேர்த்துக்கொள்ளும். முன்பின் அறியாத இடத்து மென்பொருளுக்குக் கடவுச்சொல் அளிப்பது, அயலாரிடம் வீட்டுச் சாவியை ஒப்படைப்பது போன்றதாகும்.

மும்பை பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம், இத்தகைய பாடங்களைத் தமிழ் ஒலியுடன் கட்டணமின்றி வழங்குகிறது. தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழ் மாணவர், கற்பிப்பார் அருகில் இல்லாதபோதும், தாய்மொழியில் கேட்டுத் தாமே செய்து பழகலாம்.

சொற்பொருள்
களஞ்சியம் – சேமித்து வைக்கும் இடம்
அயலார் – பிறர்

பிரித்து எழுதுக
கடவுச்சொல் = ______ + ______

விடையளிக்க
1. சினாப்டிக் கடவுச்சொல்லைக் கேட்பது ஏன்?
2. மென்பொருளை நிறுவும் படிகளை வரிசைப்படுத்துக.
3. தொழில்நுட்பத்தைத் தாய்மொழியில் கற்பதன் பயன் யாது?